ரோமிலிருந்து கடிதத்தோடு வந்தவன்

வெனாந்தியுஸை ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்பா என்றுதான் கூப்பிட்டோம். கிறிஸ்தவச் சபைக்குத் தலைவரான ஆயர்களை அப்படிக் கூப்பிடுவது எங்கள் கரையோர வழக்கம். இப்போது அந்தச் சொல்லை அந்த ஆளோடு சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் போன மாதம் சபை முழுக்கக் கேட்கும்படி, தொண்டை கிழிய, அதே சொல்லை அவனுக்காகக் கத்தியவள் நான்தான். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அவர் இவர் என்று மரியாதை கொடுத்துச் சொல்ல மாட்டேன், அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

என் பெயர் நம்கிதா. தபரூசா துறைமுகத்தில், மீனை உப்பில் ஊறப்போடுகிற தொட்டிகளுக்குப் பின்னால் என் ரொட்டி அடுப்பு இருக்கிறது. புருஷனைக் கடல் கொண்டுபோய் ஒன்பது வருடமாகிறது. பிள்ளை இல்லை. எனக்கென்று இருந்தது ஒரே தம்பி, மிகின். எண்ணெய் ஜாடிகளைக் கப்பலுக்குச் சுமக்கிற கூலியாள். நல்ல உழைப்பாளி, சொன்னால் சொன்னபடி நடப்பவன். அந்தக் குணம்தான் அவனைக் கெடுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பேரரசரின் ஆணை வந்தது. எல்லோரும் கோயில் படியேறி, தட்டிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பிராணியை நெருப்பில் போட வேண்டும், படைத்த இறைச்சியில் ஒரு வாய் தின்ன வேண்டும், செய்ததற்குச் சான்றுச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். மறுத்தவர்களைச் சங்கிலியில் கட்டிப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தினார்கள். முதல் இரண்டு நாள் நாங்கள் அறுபது பேருக்கு மேல் நின்றோம். சாட்டையடியில் மிகினுடைய முதுகில் தோலே இல்லை. அப்படியும் அவன் அசையவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் ஆயர் வெனாந்தியுஸ் வந்தான். யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை. அவன் பெயரை இன்னும் கூப்பிடக்கூட இல்லை. தலையில் பூவளையம் சூடி, தன் வீட்டிலிருந்தே கொழுத்த ஆட்டுக்கடா ஒன்றை ஓட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி படியேறினான். சாம்பிராணி போட்டான். இறைச்சியைத் தின்றான். ஒரு வாய் போதும் என்றுதான் ஆணை. இவன் எலும்பைத் திருப்பித் திருப்பிக் கடித்துவிட்டு, விரலில் வழிந்த கொழுப்பையும் நக்கினான். பத்தடி தள்ளி நின்று நான் பார்த்தேன்.

ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். ஆயரை மீறி எதையும் செய்யாதே, அவர் முன்னால் நடந்தால் நீ பின்னால் நட. மிகின் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தவன். ஆயர் படியேறியதைப் பார்த்ததும் அவனும் ஏறிவிட்டான். அதே தட்டில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டான். அடிக்கு அசையாதவன் ஆயருக்கு அசைந்தான். “அப்பாவே போட்டாரேக்கா” என்று பிறகு என்னிடம் அழுதான். அன்றைக்கு அவனுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் ஏறினார்கள்.

நான் ஏறவில்லை. பதினோரு வாரம் சிறையில் கிடந்தேன். பேரரசர் போரில் செத்ததும் எங்களைத் திறந்துவிட்டார்கள். இரண்டு மணிக்கட்டிலும் சங்கிலித் தழும்பு நின்றுவிட்டது. அதைத் தொட்டு முத்தமிடப் போன மாதம் வரைக்கும் ஆட்கள் வருவார்கள். மாவு பிசைகிற கையை இழுத்து வைத்து முத்தமிடுவார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் ஒன்றும் பெரிய விசுவாசத்தால் நிற்கவில்லை. அந்த ஆள் விரலை நக்கியதைப் பார்த்த பிறகு அந்தத் தட்டில் கைவைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவ்வளவுதான். ஆனால் சொன்னால் யார் நம்புகிறார்கள்.

கெடுபிடி ஓய்ந்ததும் பக்கத்து ஊர் ஆயர்கள் மூன்று பேர் வந்தார்கள். சனங்கள் நாங்கள் எல்லோரும் கைதூக்கிச் சத்தம் போட்டு, கஸ்துலுஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தோம். வந்த மூவரும் அவர் தலையில் கைவைத்து அவரை ஆயராக்கினார்கள். கஸ்துலுஸ் முன்பு பாய்மரத் துணி தைத்துக்கொண்டிருந்தவர். பேச்சில் ஒரு சொட்டு இனிப்பு கிடையாது, ஆனால் பொய்யும் கிடையாது. பலியிட்டவர்களுக்கு என்ன வழி என்று கார்த்தேஜில் ஆயர்கள் எல்லோரும் கூடி விதி வகுத்தார்கள். சபை வீட்டு வாசலில், உள்ளே வராமல், தலையில் சாம்பலோடு படுத்துக் கிடக்க வேண்டும். சாகும் தறுவாயில்தான் சமாதானம் கிடைக்கும். அதாவது ஆயர் தலையில் கைவைத்து, அப்பத் துண்டைக் கையில் கொடுத்து, மறுபடியும் நம்மில் ஒருவன் என்று சேர்த்துக்கொள்வார். பலியிட்ட ஆயருக்கும் இதே விதிதான். அவனும் வாசலில் படுக்கலாம், சபையில் ஆயர் உட்காருகிற அந்தப் பழைய நாற்காலி மட்டும் செத்தாலும் இல்லை.

வெனாந்தியுஸ் நான்கு ஞாயிறு வாசலில் படுத்தான். அடிமை ஒருவன் அவனுக்கு மெத்தை தூக்கிக்கொண்டு வருவான். ஐந்தாம் ஞாயிறு ஆளைக் காணோம், ரோமுக்குக் கப்பல் ஏறிவிட்டான். மிகின் வெறுங்கல்லில் இரண்டரை வருடம் படுத்தான். உள்ளே போகிற ஒவ்வொருவர் காலையும் தொட்டு, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவான். பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்களுக்கு விதி லேசு; அந்தப் பயல்களில் சில பேர், தங்களுக்கு மன்னிப்புக் கிடைத்ததும் அவனைத் தாண்டிக் காலை வைத்துப் போனார்கள். இந்தக் குளிர்காலத்தில் அவன் இரும ஆரம்பித்தான். பிறகு இருமலில் ரத்தம் வந்தது.

நான் கஸ்துலுஸிடம் போய் நின்றேன். தம்பிக்கு இப்போதே சமாதானம் கொடுங்கள் என்றேன். அவர் முகம் வாடியது. ஆனால் அவன் இன்னும் எழுந்து நடக்கிறானே, எழ முடியாத நிலை வந்ததும் ஆளனுப்பு, அந்த நிமிஷமே ஓடி வருகிறேன் என்றார். விதி அப்படி. போன வருடம் இப்படிக் காத்திருந்த ஒருவன், ஆயர் வந்து சேர்வதற்குள் நடுத்தெருவில் செத்துப்போனான். அதை அவருக்கும் நினைவுபடுத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்தான், ஆனாலும் அப்போது அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

அந்த வாரம்தான் வெனாந்தியுஸ் கப்பலிலிருந்து இறங்கினான். கையில் ரோம் ஆயரின் முத்திரை போட்ட கடிதம். அவனை அவனுடைய நாற்காலியில் திரும்ப உட்கார வையுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அங்கே போய் எல்லோர் காதிலும் பூச் சுற்றியிருக்கிறான். தன்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்துச் சாம்பிராணி போட வைத்தார்களாம். தான் சிறையில் கிடந்த நேரம் பார்த்துக் கஸ்துலுஸ் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாராம். கடல் தாண்டி இருக்கிறவருக்கு ஆட்டுக்கடா விஷயம் எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டு எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

கஸ்துலுஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பேதுருவும் பவுலும் உயிர் விட்ட ஊர், அந்தச் சபைக்கு என் தலை வணங்கும், ஆனால் அவர் அவருடைய ஊருக்கு ஆயர், நான் என் ஊருக்கு ஆயர், ஆயர்களுக்கெல்லாம் ஆயர் என்று யாரையும் கிறிஸ்து வைக்கவில்லை என்றார். தானே முடிவு செய்யவும் அவர் விரும்பவில்லை. கார்த்தேஜில் எல்லா ஆயர்களையும் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று, ஆயருக்கு அடுத்தபடியான மூப்பர்களில் தனக்கு நம்பிக்கையான ஒருவரையும் திருத்தொண்டரையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். காற்று எதிர்த்துக்கொண்டிருந்த நேரம். போய்வர எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஊரில் மிச்சம் இருந்த மூப்பர்கள் இரண்டு பேர். கஸ்துலுஸின் பாய்மரம் கண்ணிலிருந்து மறைவதற்குள் அந்த இரண்டு பேரும் வெனாந்தியுஸ் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவன் பெயரைக் கேட்டாலே துப்பியவர்கள். ரோம் முத்திரையைப் பார்த்ததும் துப்பியதை முழுங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஆள் என் அடுப்படிக்கு வந்தான். கேட்காமலே ஒரு சூடான ரொட்டியை எடுத்துப் பிய்த்து, மீன் ஊறல் கிண்ணத்தில் தோய்த்துத் தின்றான். அதே விரல்களை அதே மாதிரி நக்கினான். என் தழும்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். கடிதம் கையில் இருந்தாலும் சனங்கள் வாய்விட்டு “தகுதியானவர்” என்று சொல்லாமல் எந்த ஆயரும் நாற்காலியில் உட்கார முடியாது. அது அவனுக்கும் தெரியும். சனங்கள் தயங்குவார்கள் என்பதும் தெரியும்.

“ஞாயித்துக்கிழமை நீ மொதல்ல குரல் குடு போதும். மத்தவங்க தானா குடுப்பாங்க.”

“நான் எதுக்குக் குடுக்கணும்? ஆட்டுக்கடாவ நான் மறந்துட்டேன்னு நெனைக்கிறீங்களா?”

அவன் கோபப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டான். “ஒந்தம்பி எத்தனை நாள் தாங்குவான், சொல்லு பாப்போம். கஸ்துலுஸ் எங்கயோ கடல்ல கெடக்கறான். மூப்பரு ரெண்டு பேரும் எஞ்சொல்ல மீற மாட்டாங்க. நாற்காலியில உக்காந்த அன்னைக்கே மொத வேலையா மிகின் தலையில கைய வெக்கறேன். வாசல்லயே சாகவிடப் போறியா?”

வெளியே போ என்று சொன்னேன். போகும்போது இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றும் மறுநாளும் மிகின் இருமியதை எல்லாம் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் சிவப்பாகத் திரும்பி வந்தது. அவன் பயப்பட்டது சாவுக்கு இல்லை, வெளியில் சாவதற்கு. தூக்கத்தில்கூட “கதவு, கதவு” என்று முனகினான். வெனாந்தியுஸ் வந்துபோனதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்லுவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சபை வீடு நிறைந்திருந்தது. கடிதத்தைச் சபையில் வேதம் வாசிக்கிறவர் உரக்கப் படித்தார். ரோமில் இருக்கிற பேதுருவின் நாற்காலி, பேதுருவின் சாவிகள், பேதுருவின் பாறை என்று ஒரே பேதுருவாக இருந்தது. சனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு வெனாந்தியுஸ் எழுந்தான். கண்ணில் எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு. ஆண்டவரைத் தெரியாது என்று பேதுருவே மூன்று தடவை மறுதலித்தவர்தானே, அவர் கையில்தானே ஆண்டவர் சாவியைக் கொடுத்தார், நான் ஒரு தடவை தவறியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டான். சில பேர் தலையாட்டினார்கள்.

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பேதுரு அழுதாரு.”

எல்லோரும் திரும்பினார்கள். மிகின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். வாசலில் கிடக்கிறவனுக்கு இங்கே பேச்சு கிடையாது என்று ஒரு மூப்பர் அதட்டினார். அவன் கேட்கவில்லை. வாசல்படியைத் தாண்டவும் இல்லை, அங்கிருந்தே பேசினான்.

“நானும் அவரும் ஒரே தட்டுலதான் கைய விட்டோம். அவரு கை சுத்தம்னா என் கையும் சுத்தம். அப்ப நான் எதுக்கு ரெண்டரை வருஷம் இங்க கெடந்தேன்? என் கை சுத்தமில்லன்னா அவரும் வந்து படுக்கட்டும். நான் நகந்துக்கறேன், எடம் இருக்கு.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். வெனாந்தியுஸின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான். பிறகு, என்னை மன்னித்தது நான் இல்லை மகனே, பேதுருவின் நாற்காலி என்றான். சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தான்.

கூட்டம் இரண்டு மனதாக நின்றது. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவன் கதை முடிந்திருக்கும். என் தம்பியே எனக்கு வழியைத் திறந்து வைத்திருந்தான். ஆனால் பேசி முடித்த மிகின் சுவரில் சரிந்து இரும ஆரம்பித்தான், கைத்துணி முழுக்கச் சிவந்தது, இன்றே செத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. தழும்புள்ள கையை உயர்த்தினேன்.

“தகுதியானவர். அப்பா தகுதியானவர்.”

என் குரலை நானே கேட்டேன். கூவி மீன் விற்கிறவள் குரல் மாதிரி இருந்தது. அடுத்த நொடி சபை முழுக்க அதையே கத்தியது. நம்கிதாவே சொல்கிறாள் என்று என் பக்கத்தில் நின்றவள் தன் பெண்ணிடம் சொன்னதும் காதில் விழுந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். திருப்பலி ஒப்புக்கொடுத்தான். என் கையில் அப்பத் துண்டை வைத்தான். நான் தின்றேன். மூப்பர்கள் இரண்டு பேரும் போய் மிகினைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார்கள். என்ன நடக்கிறது என்று அவனுக்கு முதலில் புரியவில்லை. வெனாந்தியுஸ் அவன் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்து, அவன் உள்ளங்கையிலும் ஒரு துண்டை வைத்தான். வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அதை மிகின் பார்த்துவிட்டான்.

கையை மூடிக்கொண்டான். அப்படியே திரும்பி, எல்லோரையும் தாண்டி, பிடிக்க வந்த மூப்பரைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போனான். தன் பழைய இடத்தில் படுத்துக்கொண்டான். நான் பின்னாலேயே ஓடினேன்.

“நீ பேசி வெச்சியாக்கா?”

“வெளியில செத்துடுவியோன்னு பயந்துட்டேன்டா.”

“அன்னைக்கு அவன் பின்னால படியேறிப் போனேன். மறுபடியும் அவன் பின்னாலயே போகச் சொல்றியே.”

அதில் திட்டு இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைத் திறந்து அந்தத் துண்டை என் கையில் வைத்தான். எனக்கு வேண்டாம், கஸ்துலுஸ் வருகிறவரை பார்க்கலாம், வராவிட்டால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றான்.

புதன்கிழமை மத்தியானம் மிகின் செத்துப்போனான். கஸ்துலுஸ் வரவில்லை. கடைசி மூச்சுவரை அவன் வெனாந்தியுஸைக் கூப்பிடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் கொடுத்த துண்டை ஞாயிற்றுக்கிழமையே அடுப்பில் எறிந்துவிட்டேன். என் வயிற்றுக்குள் போனதை எடுக்கத்தான் வழியில்லை.

அதற்கடுத்த வாரம் கஸ்துலுஸ் வந்து இறங்கினார். முப்பத்தேழு ஆயர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் கொண்டுவந்தார். ரோம் ஆயர் ஏமாற்றப்பட்டிருக்கிறார், ஏமாற்றி வாங்கியது எதுவும் செல்லாது, வெனாந்தியுஸுக்கு நாற்காலி இல்லை, தபரூசாவுக்கு ஆயர் கஸ்துலுஸ்தான் என்று அதில் இருந்தது. வெனாந்தியுஸ் அன்றே மூட்டை கட்டினான். மறுபடியும் ரோமுக்குத்தான் போயிருப்பான், வேறு எங்கே போவான். மூப்பர்கள் இரண்டு பேரும் தாங்கள் விருந்துக்குப் போனதே அவன் என்ன செய்கிறான் என்று வேவு பார்க்கத்தான் என்றார்கள். அன்றைக்குக் கத்திய ஆட்கள் யாருமே கத்தவில்லையாம். இந்த ஊர்ச் சனங்களோடுதான் மோட்சத்துக்கும் போக வேண்டும் என்று நினைத்தால் வெறுப்பாக இருக்கிறது.

கஸ்துலுஸ் என் அடுப்படிக்கு வந்தார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். ஓடி வருகிறேன் என்று சொன்னவர், அந்தச் சொல் அவரைத் தின்றுகொண்டிருந்தது, பார்த்தாலே தெரிந்தது. மிகின் சமாதானம் வாங்கிக்கொண்டு போனானா என்று கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

“அவன் வாங்காமப் போனானே, அதுவே போதும். ஞாயித்துக்கிழமை செத்தவங்க பேர வாசிக்கறப்ப மிகின் பேரையும் வாசிப்பேன். அவன் உள்ள வந்துட்டான்.”

அவர் காலில் விழப் போனேன். தடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நானே நல்ல கோதுமையில் அப்பம் சுட்டுக் கொண்டுவருகிறேன், தம்பி பேரில் வையுங்கள் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“ஒன் அப்பத்த இப்ப நான் தொட முடியாதும்மா. மத்தவங்க அவனப் பாத்துக் கத்தல. ஒன்னப் பாத்துக் கத்தினாங்க.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு சபை வீட்டு வாசலில் படுத்தேன். என்னோடு கத்தியவர்கள், இருபதுக்கும் மேல் இருக்கும், என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தி என் கையை முத்தமிடக் குனிந்துவிட்டு, நினைவு வந்து நிமிர்ந்துகொண்டாள். செத்தவர்கள் பெயரை உள்ளே வாசித்தார்கள். மிகின் என்ற பெயர் வாசலுக்கு நன்றாகவே கேட்டது. ஆமேன் சொல்ல எனக்கு உரிமை இல்லாததால் நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.